யானை விட்டுவைத்த கிழங்கு

ஐப்பசிக் காலையில் தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் கம்பெனி வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். இளையவள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னாள்:

"எங்க கிழங்குத் தோட்டத்துல பாதிய யானை தின்னுச்சுக்கா. மீதிய எங்க வீட்டுக்காரரு முடிக்கப் பாத்தாரு."

"சுகர் இருக்கற மனுசனுக்கு எதுக்குடி சர்க்கரவள்ளி?"

"சோத்துக்குப் பதிலா ஒரு கிழங்கு அவிச்சுத் தின்னா ஒடம்புக்கு நல்லதுன்னு நர்சம்மா சொன்னாங்க. இவரு ஒரு கிலோவத் தின்னுட்டு, சோறு எங்கடீன்னு கேட்டாரு."

"அடப்பாவி! அப்புறம்?"

"அப்புறம் என்ன, தெனம் ஒன்ன மட்டும் அவரு தட்டுல வெச்சிட்டு, மிச்சத்தப் பூரா நானே கொண்டாந்து தின்னுடறேன்."

"சுகர் எறங்குச்சா?"

"அவருக்கு எறங்கிருச்சுக்கா. எனக்குத்தான் நாலு கிலோ ஏறிருச்சு."