வலப்பக்கத்து முட்டு

கல்யாணப் பெண்களின் முகத்தில் அம்மைத் தழும்பு தெரியாமல் படம் பிடித்துத் தருவதில் செங்கல்பட்டில் எனக்கு நல்ல பெயர் உண்டு ஐயா. கண்ணாடி நெகட்டிவ் பிளேட்டில் பென்சிலால் தொட்டால் படத்தில் வெளுப்பு விழும், கத்தியால் சுரண்டினால் கறுப்பு. அவ்வளவுதான் வித்தை.

ஐம்பத்து நாலு மாசியில் கடப்பாக்கத்துக்குப் போனேன். நூர்முகமது பாய் அங்கே கட்டிய தோணியை, கடலில் இறக்குமுன் கட்டிய ஆட்களோடு படமெடுத்து வைக்க ஆசைப்பட்டார். காலையில் கூட்டமாக எடுத்தேன். வெள்ளிக்கிழமை என்பதால் மதியம் பாய் தொழுகைக்குப் போனார், ஆட்கள் சாப்பிடப் போனார்கள். ஒரு பிளேட் மிச்சமிருந்தது. தச்சன் எல்லப்பனை மட்டும் தோணியருகே நிற்கச் சொன்னேன்.

கரையில் நிற்கிற தோணி சாயாமலிருக்க இரண்டு பக்கமும் கட்டைகளை முட்டுக் கொடுத்திருப்பார்கள். வலப்பக்கத்து முட்டு படத்தைக் கெடுத்தது. எடுக்கச் சொன்னேன்.

"முட்டு இல்லாங்காட்டி சாஞ்சிக்கும் அண்ணாத்த," என்றான்.

ஒரு நிமிஷம்தானே என்றேன். உருவிப் போட்டுவிட்டு, சட்டையை இழுத்துவிட்டு நின்றான். படம் நன்றாக விழுந்தது. முட்டைத் திரும்பக் கொடுக்கக் குனிந்தபோது தோணி அவன்மேல் சாய்ந்தது.

ஓடிவந்தவர்களிடம் நான் வாயே திறக்கவில்லை. போலீஸ் படத்தைக் கேட்டது. முட்டில்லாத படம் போனால் பாய் தலையில் விடியும், அவருக்காகத்தான் கத்தியை எடுக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். என் தலைக்குத்தான் பயந்தேன். வெளுத்த மணல் தெரிந்த இடத்தில் அழகாக ஒரு முட்டைச் சுரண்டி வைத்தேன். படமெடுக்கும்வரை முட்டு இருந்திருக்கிறது, பிறகு குடிபோதையில் அவனே உருவியிருக்கிறான் என்று விசாரணை முடிந்தது. எல்லப்பன் குடிக்கிறவனே அல்ல.

அவன் பெண்சாதி அம்சா மட்டும் ஒப்பவில்லை. என் புருசன் அப்படிச் செய்கிற ஆளில்லை என்று ஊரெல்லாம் சண்டை போட்டாள். பிறகு அவன் முகம் வேண்டுமென்று என்னிடமே வந்தாள். கூட்டப்படத்தில் அவன் முகம் கடுகளவு. சுரண்டிய பிளேட்டிலிருந்துதான் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. வாங்கி வெகுநேரம் பார்த்தாள். முட்டின்மேல் விரலை வைத்தாள்.

"கீதே," என்றாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்து, "இருந்த முட்ட இன்னாத்துக்குயா எடுத்த, பாவி?"

எடுக்கச் சொன்னவன் நான், சுரண்டியவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள். அம்சாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் ஐயா. பாவம், அவனைத் திட்டித் திட்டி இப்போதுதான் அழுகை நின்றிருக்கிறது.