பைராம் வயலில் நான் பிடுங்கிய செடிகள்

பெயர் இஷான்குல். தகப்பனார் பெயர் துர்திபாய், காலமாகிவிட்டார். வயது அறுபத்தொன்று என்று என் மனைவி சொல்கிறாள். பல்க் பக்கம் சஃபேத்ஜூய் கிராமத்தில், பழைய கோட்டைச் சுவருக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரத்து வீடு. தொழில் விவசாயம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதுகிறார். இன்று 1349ஆம் ஆண்டு சன்புலா மாதம் பதினோராம் நாள், காலை நேரம். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. பக்கத்து வயல்காரன் பைராமின் மணிக்கட்டை உடைத்தது யார் என்று கேட்கிறார்கள். நான்தான். அதற்கு முந்தைய மாதம் அவன் வயலில் செடிகளைப் பிடுங்கியது யார் என்று கேட்கிறார்கள். அதுவும் நான்தான். ஏன் என்று கேட்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

காகிதம் மேலே போகும், அதனால் கஞ்சா என்று எழுத வேண்டாம், பருத்தி என்று போட்டுக்கொள்ளலாம் என்று எழுத்தர் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. "ஐயா, பருத்தில ஏதுங்க ஆம்பள பொம்பள? இந்த வழக்கே ஆம்பளச் செடி, பொம்பளச் செடியப் பத்தினது. பருத்தின்னு எழுதுனா படிக்கிறவன் நம்ம ரெண்டு பேரையும் பைத்தியம்னு சொல்லுவான்" என்றேன். விசாரிக்கிற அதிகாரி சிரித்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னார். ஆகவே கஞ்சா என்றே எழுதப்படுகிறது.

எனக்கு மூன்று ஜரீப் நிலம் இருக்கிறது. அதில் நான் பிசினிலிருந்து எடுக்கிற சரஸுக்காகப் பயிர் செய்வதில்லை, விதைக்காகச் செய்கிறேன். சுற்றியுள்ள ஆறு கிராமங்களிலும் பூ விரியும் முன்பே ஆண் செடிகளை ஒன்று விடாமல் பிடுங்கிவிடுவார்கள். அப்போதுதான் ஆண் பூவின் தூள் படாமல் பெண் செடியில் பிசின் கூடும், விதை பிடிக்காது. விதை பிடிக்காததால் அடுத்த வருடம் விதைக்க அவர்களிடம் ஒன்றும் இருக்காது, எனவே மாசி பங்குனிக் குளிர் விடுகிற சமயத்தில் பையோடு என் வீட்டுக்கு வருவார்கள். நான் மட்டும் தரமான ஏழு ஆண் செடிகளை நிறுத்திவைத்துவிட்டு மற்ற ஆண்களைப் பிடுங்குவேன். எங்கள் செடியில் ஆண் முந்திக்கொண்டு ஒல்லியாக உயரும், பெண் பின்தங்கிக் குட்டையாகக் கிளை விடும். பூ வருவதற்கு முன்பே பார்த்த பார்வையில் சொல்லிவிடுவேன். நாற்பது வருடத்தில் ஒரு செடி தவறியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன்.

இந்த வருடம் நவ்ரோஸ் புத்தாண்டு கழிந்து நான் விதைத்த மூன்றாம் நாள் மழை அடித்து, மறுநாளே வெயில் காய்ந்து, மேல்மண் ஓடு கட்டி முளை ஒன்றும் மேலே வரவில்லை. அதன் பிறகு வீட்டில் மிச்சம் இருந்த விதை முழுவதையும், மண்பானையைக் கவிழ்த்துத் தட்டி, மறுபடியும் விதைத்துவிட்டேன். ஊரில் வேறு யாரிடமாவது மிச்சம் இருக்காதா என்று அதிகாரி கேட்கிறார். இருக்காது. மிஞ்சினதைக் கோதுமையோடு வறுத்துத் தின்றுவிடுகிற ஜனங்கள் அவர்கள். ஆக எங்கள் விதை என்று இருந்ததெல்லாம் அந்த மூன்று ஜரீப் மண்ணில்தான் நின்றது.

பைராமின் வயல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், எனக்கு வடமேற்கே இருக்கிறது. காற்று பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும், எப்போதாவதுதான் திரும்பும். அவன் இதுவரை என்னிடம்தான் விதை வாங்கினான். இந்த வருடம் லாரி ஓட்டுகிற அவன் அக்கா மகன் எங்கிருந்தோ ஒரு பை விதை கொண்டுவந்தான். எந்த ஊர் விதை என்று கொண்டுவந்தவனுக்கும் தெரியாது, விதைத்தவனுக்கும் தெரியாது. போன மாதம், அசத் முதல் வாரத்தில் நான் வாய்க்காலில் மடை மாற்றும்போது அவனைப் பார்த்துச் சொன்னேன்.

"பைராம், ஆம்பளச் செடிய இந்த வாரத்துக்குள்ள புடுங்கிருடா. உன் காத்துல அதோட தூளு பூரா என் மேலதான் அடிக்கும்."

"புடுங்க மாட்டேண்ணே. நானும் விதைக்குத்தான் விட்டிருக்கேன். ஊருக்கு விதை குடுக்கிற உரிமை என்ன உங்க வீட்டுச் சொத்தா?"

"டேய், கலந்துபோயிரும்டா. அப்புறம் உனக்கும் இல்ல எனக்கும் இல்ல."

"உங்க ஆம்பள ஏழு நிக்குதே, அதோட தூளு வருசா வருசம் வந்து என் சரஸ்ல விதை வெச்சுட்டுப் போச்சே, நான் வந்து உங்க வாசல்ல அழுதேனா? போங்கண்ணே, போய் உங்க வேலையப் பாருங்க."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு எனக்கு நியாயம் கண்ணில் படவில்லை.

அதன் பிறகு அசத் மாதம் பதினாறாம் நாள் வெள்ளிக்கிழமை, ஊர் ஆண்கள் எல்லோரும் மசூதியில் இருந்த நேரத்தில், நான் தொழுகைக்குப் போகாமல் பைராமின் வயலில் இறங்கினேன். பூ இன்னும் விரியவில்லை. உயரமாக, ஒல்லியாக, முந்திக்கொண்டு நின்ற செடிகளை ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கினேன். குட்டையானவற்றை விட்டுவிட்டேன். ஒரு செடியையும் ஒடிக்கவில்லை, மிதிக்கவில்லை. பிடுங்கியதை ஒளிக்காமல் அவன் வரப்பிலேயே வரிசையாகப் போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு ரொட்டி தின்றேன். நன்றாகப் பசித்தது.

தொழுகை முடிந்து பைராம் வந்து பார்த்துவிட்டுக் கத்தினான். அதன் பிறகு ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினான். நான் பிடுங்கினேன் என்று நானே சொன்னேன். "ஆம்பளச் செடியத்தான் புடுங்கினேன். இவன் செய்ய வேண்டிய வேலைய நான் செஞ்சேன். கூலி கேக்காம விட்டேனேன்னு சந்தோசப்படச் சொல்லுங்க" என்றேன். பெரியவர்கள் சிரித்தார்கள். அக்ஸகால் ஹைத்குல் என்கிற மூத்தவர் வரப்பில் கிடந்த செடிகளைப் பார்க்கக்கூட வரவில்லை. "இஷான்குல் சொன்னா அது ஆம்பளதான், எந்திரிச்சுப் போப்பா" என்று பைராமிடம் சொன்னார். அவன் எல்லோர் முன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனான். அவன் முகத்தை நான் பார்த்தேன், எனக்குத் திருப்தியாக இருந்தது.

அதன் பிறகு அசத் மாதம் இருபத்தொன்பதாம் நாள் காலையில் என் மனைவி ஒய்ஸா வாய்க்காலுக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள் வெறும் குடத்தோடு திரும்பி வந்தாள்.

"எந்திரிங்க. வந்து உங்க வேலையப் பாருங்க."

"என்னடி?"

"பைராம் வயல்ல நிக்கிறதெல்லாம் ஆம்பள."

"உளறாத. குட்டையா நிக்கிறது பொம்பளடி."

"குட்டையோ நெட்டையோ, கொத்துக் கொத்தா மொட்டு தொங்குது. எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

நான் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. அந்த விதையில் உயர்ந்து நின்றவை பெண்கள், குட்டையாக நின்றவை ஆண்கள். எங்கள் செடியைப் பார்த்த கண்ணால் அந்நியச் செடியைப் பார்த்துவிட்டேன். பெண்களை எல்லாம் நானே பிடுங்கி எறிந்துவிட்டு, ஆண்களை எல்லாம் நானே பத்திரமாக நிறுத்திவைத்திருந்தேன். ஒரு வயல் முழுக்க ஆண். இன்னும் பத்து நாளில் விரியும். என் ஆண்கள் ஏழும் அதற்குப் பிறகுதான் விரியும், என் பெண்களோ இப்போதே பூவில் வெள்ளை நார் விட்டுக் காத்திருந்தன. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு சன்புலா இரண்டாம் நாள் ஒரு செம்மறி ஆட்டையும், முல்லாவையும், ஹைத்குல் பெரியவரையும் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்க பைராம் வீட்டுக்குப் போனேன். தலைப்பாகையைக் கழற்றி அவன் முன்னால் தரையில் வைத்தேன். என் தலைமுடியை வெளியார் பார்த்தது அன்றுதான். அவன் "மன்னிச்சேண்ணே" என்று தலைப்பாகையை எடுத்து என் தலையில் அவனே வைத்தான். முல்லா துஆ ஓதினார். ஆட்டை அறுத்தார்கள், புலாவ் ஆக்கினார்கள், எல்லோரும் சாப்பிட்டோம். தேநீர் வந்ததும் நான் மெல்லக் கேட்டேன்.

"அப்ப நாளைக்கு விடிஞ்சதும் நானே வந்து அந்தச் செடியெல்லாம் எடுத்துரட்டுமா, தம்பி?"

"எந்தச் செடிண்ணே?"

"அதான், அந்த ஆம்பளச் செடி."

"ஆம்பளையா? என் வயல்லயா?" என்று பெரியவர்களைப் பார்த்தான். "ஏண்ணே, உங்க கண்ணு எங்கயாச்சும் தப்புமா? நீங்க விட்டுவெச்சது பொம்பளையாத்தான் இருக்கும். பெரியவங்களே தீர்ப்புச் சொல்லிட்டாங்களே."

"பைராம், மன்னிச்சேன்னு சொன்னியேடா."

"மன்னிச்சேன். மனசாரச் சொல்றேன், மன்னிச்சேன். செடியப் புடுங்குறேன்னு சொன்னேனா? இன்னொரு கோப்பை தேநீர் குடிங்கண்ணே."

முல்லா தாடியைத் தடவிக்கொண்டார். ஹைத்குல் பெரியவர் எலும்பைச் சப்பிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

மறுநாள் காலை பைராம் தன் முறைத் தண்ணீரை அந்தச் செடிகளுக்குப் பாய்ச்சினான். அவற்றால் அவனுக்கு எந்தப் பிரயோசனமும் இல்லை, பிசின் கிடையாது, விதை கிடையாது. ஆண் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவனை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. என்னைப் பார்த்து, "நல்லா வருதுண்ணே" என்று கையசைத்தான். பெரியவர்கள் முன்னால் மன்னிப்பு வாங்கித் தலைப்பாகை திரும்பத் தலையில் ஏறிய பிறகு அந்த வயலில் கால் வைப்பது எங்களில் பெரிய குற்றம். அதனால் ஆறு நாள் பொறுத்தேன். அந்த ஆறு நாளும் காற்று இல்லை. அல்லாவே, மழையையாவது அனுப்பு என்று கேட்டேன்.

அதன் பிறகு சன்புலா எட்டாம் நாள், காலை வெயில் ஏறிய நேரத்தில் வடமேற்கிலிருந்து காற்று எழுந்தது. ஒய்ஸா தன் கறுப்புச் சால்வையைத் துவைத்துக் கயிற்றில் போட்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் வெளிர் மஞ்சளாகத் தூள் படிந்தது. விரலால் வழித்தால் கோடு விழுந்தது. ஒய்ஸா சால்வையை எடுத்து உதறினாள், மறுபடி படிந்தது, மறுபடி உதறினாள். "விடுடி" என்றேன். அவள் கேட்கவில்லை.

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி, எல்லோரும் பார்க்க பைராமின் வயலில் இறங்கி வெட்டினேன். அதில் பயன் இல்லை என்று எனக்குத் தெரியும், வெட்டின ஒவ்வொரு செடியும் இன்னும் தூளைக் கொட்டியது. பைராம் ஓடிவந்து மண்வெட்டிக் காம்பைப் பிடித்தான். "வெட்டுங்க, நல்லா வெட்டுங்க! யார் புடுங்கினது, யார் விட்டுவெச்சது? நானா? எல்லாம் உங்க கையாலதான!" என்றான். நான் காம்பால் அவன் கையில் அடித்தேன். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. அதன் பிறகும் ஒரு முறை அடித்தேன். இரண்டாவது அடி தேவையில்லை, அது அவன் சொன்ன வார்த்தைக்காக. அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அடித்திருக்க மாட்டேன்.

இரண்டே நாளில் என் வயலில் பெண் செடிகளின் வெள்ளை நார் எல்லாம் சுருங்கிப் பழுப்பாகிவிட்டது. விதை பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு விதைக்கும் தகப்பன் லாரியில் வந்தவன். அதை விதைத்து, பொறுக்கி, பிரித்து எங்கள் செடியை மறுபடி எடுக்க முடியாதா என்று அதிகாரி கேட்கிறார். எனக்கு அறுபத்தொரு வயது ஐயா.

விரோதத்தால் வேண்டுமென்றே பெண் செடிகளைப் பிடுங்கினாயா, தவறுதலாகவா என்று கேட்கிறார்கள். தவறுதல் என்றால் தண்டனை குறையும் என்று எழுத்தர் சொல்கிறார். தண்டனைக்காகச் சொல்லவில்லை, நடந்தது அதுதான்: எனக்கு ஆண் எது, பெண் எது என்று தெரியவில்லை. இதை எழுதுங்கள். ஊரில் கேட்டால் படித்துக் காட்டுங்கள்.

பைராமின் கை எலும்பு கூடிவிட்டால், பெரியவர்களும் சமாதானம் பேசினால், நாலைந்து மாதத்தில், தல்வ் மாதக் குளிரிலேயே வீட்டுக்குப் போய்விடலாம் என்று அதிகாரி தயவாகச் சொன்னார். அது எனக்கு வேண்டாம். அதற்கு அடுத்த மாதம்தான் ஆறு கிராமத்து ஆட்களும் பையோடு விதை கேட்டு வருவார்கள். வந்து, தேநீர் குடித்து, பையின் வாயை விரித்துப் பிடிப்பார்கள். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருக்க முடியாது. ஆகையால் எல்லா வயலிலும் விதைப்பு முடிகிற வரை என்னைச் சிறையிலேயே வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுத்தர் இதை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். நான் சொன்னது இதுதான், சொல்லாதது எதுவும் சேர்க்கப்படவில்லை, இதில் பொய் இல்லை. கையெழுத்துத் தெரியாததால் இடது பெருவிரல் ரேகை.

இஷான்குல், துர்திபாயின் மகன்.