டப்ளின்லேர்ந்து வார்சா

இல்ல சார், வார்சாங்க. டப்ளின்லேர்ந்து வார்சா. பிளைட்டு போற வழிய போன்ல கோடு போட்டுக் காட்டுமாமே, அதத்தான் கேட்டேன். என்கிட்ட இருக்கறது பட்டன் போனு. எவ்வளவு தூரம் போட்டிருக்கு? ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டரா? எத்தன மணி நேரமாம்? ரெண்டே முக்காலா! அடேங்கப்பா. நம்ம பஸ்ஸப் பாருங்க, குத்தாலத்துல ஏறி முக்கா மணி நேரமாச்சு, இன்னும் பாதி தூரம் தாண்டல.

நம்ம ஊரு நேரத்துக்குப் பதினொரு மணிக்குக் கெளம்பியிருக்கும். அப்ப ஒண்ணே முக்காலுக்கு எறங்கிரும். சரிதானுங்களே? லேட்டு கீட்டுன்னு ஏதும் போட்டிருக்கா? இன்னொருவாட்டி பாருங்களேன். கோவிச்சுக்காதீங்க சார்.

எம் பையன்தான் போறான். பரிதின்னு பேரு, டப்ளின்ல கம்ப்யூட்டர் வேல. அவன் அக்கா சுடர்விழி வார்சாவுல இருக்கு. நாலு வருசமா ரெண்டும் மொகம் பாத்துக்கல. தூரமா? என்ன பெரிய தூரம், நீங்கதான சொன்னீங்க, ரெண்டே முக்கா மணி நேரந்தான். நாந்தான் சார் தடுத்தது. எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம அங்கயே ஒருத்தனக் கட்டிக்கிச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! அக்கா வீட்டுப் படிய மிதிச்சீன்னா எனக்குக் கொள்ளி வைக்க வராதடான்னு பையன்கிட்ட போன்லயே சத்தியம் வாங்கிட்டேன்.

இன்னைக்கு அது பொண்ணுக்குக் காது குத்துறாங்க. தாய்மாமன் மடி இல்லாம எப்படிக் குத்துறது? அதான் எனக்குத் தெரியாமக் கெளம்பிட்டான். எஞ் சம்சாரம் கண்ணாத்தா வைக்கப்போருக்குப் பின்னாடி நின்னு அவன்கிட்ட போன்ல குசுகுசுன்னு பேசுனா, கேட்டுட்டேன். தோடுகூட இவதான் வாங்கி அனுப்பியிருக்கா. சத்தியத்த மீறிட்டானேன்னு கோவம் வரணுமில்ல? வரல சார். பிளைட்டு நல்லபடியா எறங்கணுமேன்னுதான் அடிச்சுக்குது.

திருவாரூர்லயா? மோட்டாருக்கு பேரிங் வாங்கப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு வந்தேன். பேரிங் நல்லாத்தான் ஓடுது. எனக்கு அங்க ஒரு வேலயும் இல்ல. நம்ம ஊரு நேரத்துக்கு நாலு மணிக்குக் காது குத்துறாங்களாம், கண்ணாத்தா வீடியோவுல பாக்கணும். பரிதி வாங்கிக் குடுத்த பெரிய போனு வச்சிருக்கா. நான் வீட்ல இருந்தா அதத் தலகாணிக்கு அடியில சொருவிட்டு அடுப்படியிலயே நின்னுருவா. ஒண்ணுந் தெரியாத மாதிரி மொகத்த வேற வச்சுக்குவா.

நானா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சார் போயிப் பக்கத்துல ஒக்காருறது? பேத்தி பேருகூட எனக்குத் தெரியாது.

அஞ்சு மணி வரைக்கும் பஸ் ஸ்டாண்டுலயே சுத்திட்டுப் போவேன். புள்ள அழுவுறத அவளாவது முழுசாப் பாக்கட்டும்.