ஒழுகாத வண்டி

மாமியார்: டார்ச்சை இந்தப் பக்கம் காட்டட்டுமா, அந்தப் பக்கமா?

மாப்பிள்ளை: என் கண்ணைத் தவிர எந்தப் பக்கம் வேணா காட்டுங்க அத்தை.

மாமியார்: சரி... சரி. வண்டிக்கு அடியில படுத்திருக்கறவர்கிட்ட வாதாடக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். ஏதாவது தெரியுதா?

மாப்பிள்ளை: தெரியுது. துரு தெரியுது. அதுக்கு அந்தாண்ட இன்னும் கொஞ்சம் துரு. அதுக்கும் பின்னாடி வண்டி மாதிரி ஏதோ ஒண்ணு.

மாமியார்: இதை உங்க மாமா காதுல விழற மாதிரி சொல்லிடாதீங்க. அவருக்கு இதுதான் மூத்த பிள்ளை. என் பொண்ணெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

மாப்பிள்ளை: மூத்த பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது அத்தை.

மாமியார்: இப்ப ஒழுகுது. காலையில புகையே வந்துச்சே.

மாப்பிள்ளை: அதை ஏன் ஞாபகப்படுத்தறீங்க? மேம்பாலத்து நடுவுல, முன்னாடி லாரி, பின்னாடி பஸ், நடுவுல நாம ஆவி பறக்க நிக்கறோம். ஒரு ஆளு ஜன்னலைத் தட்டி, உள்ள என்னங்க சமையல்னு கேக்கறான்.

மாமியார்: கேட்டாலும் நல்ல மனுஷன். குடிக்க வச்சிருந்த தண்ணியை வண்டிக்குக் குடுத்துட்டுப் போனாரே.

மாப்பிள்ளை: இஞ்சின் சூட்டைக் காட்டற முள்ளு எப்பவோ சிவப்புக்குப் போயிருக்கு. கவனிக்கலை.

மாமியார்: ரோட்டைப் பாக்கற கண்ணு முள்ளை எப்படிப் பாக்கும்? விடுங்க. எல்லாருக்கும் நடக்கறதுதான்.

மாப்பிள்ளை: உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு அத்தை.

மாமியார்: அது என் பிறவிக் குணம்... கேளுங்க, உங்க மாமா போன் பண்ணினாரு.

மாப்பிள்ளை: எப்ப? ஐயோ, தலை இடிச்சுடுச்சு... எப்ப?

மாமியார்: நீங்க சட்டை மாத்தப் போனப்ப. சாயங்காலமே வந்துடறாராம். தங்கச்சி வீட்டுக் கட்டில் ஒத்துக்கலையாம். முதல்ல வண்டி எப்படி இருக்குன்னாரு. அப்புறம் பூனை சாப்பிட்டுச்சான்னாரு. வைக்கப் போறப்ப, ஆமா, நீ எப்படி இருக்கேன்னாரு.

மாப்பிள்ளை: வரிசையில இருக்கீங்களே, அதுவரைக்கும் சந்தோஷப்படுங்க.

மாமியார்: அப்புறம் குரலை இறக்கி, மாப்பிள்ளை ஸ்டியரிங்ல கை வச்சாரான்னு கேட்டாரு. இல்லவே இல்லைன்னேன். சத்தியமான்னாரு. சத்தியமா இல்லைன்னேன்.

மாப்பிள்ளை: கொஞ்சம்கூட வாய் கூசலையா அத்தை?

மாமியார்: பொய் சொன்னாத்தானே கூசணும்.

மாப்பிள்ளை: ம்... அந்தத் துணியைக் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள இதை முடிக்கலைன்னா என் கதை முடிஞ்சுது.

மாமியார்: பயப்படாதீங்க.

மாப்பிள்ளை: பயப்படாம? ஊருக்குக் கிளம்பறப்ப வாசல்ல நின்னு, தீர்ப்பு வாசிக்கற மாதிரி சொல்லிட்டுப் போனாரே. நான் வர்ற வரைக்கும் நீங்க ஸ்டியரிங்கைத் தொடலைன்னா சாவி உங்களுக்கு, தொட்டீங்கன்னா மருந்துக்கடைக்காரருக்குன்னு. வண்டியை விலைக்குக் கேட்டுக்கிட்டிருக்கற அந்த மருந்துக்கடைக்காரர் போன மாசமே சீட் கவர் வாங்கி வச்சுட்டாராம்.

மாமியார்: அந்த ஆளுக்கு அவசரம் ஜாஸ்தி.

மாப்பிள்ளை: எனக்கு அதைவிட அவசரம் அத்தை. உங்க பொண்ணு மாசமா இருக்கா. ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் தோளைக் கிள்ளறா. குளிக்கறப்ப தோளைப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு. செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போகவாவது ஒரு வண்டி வேணுமில்ல?

மாமியார்: அவ சின்னதுலேர்ந்தே கிள்ளுவா... நேத்து வரைக்கும் பேங்க்ல டோக்கன் குடுத்துக்கிட்டு இருந்தீங்க, இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?

மாப்பிள்ளை: வீடியோல.

மாமியார்: அதுல வண்டி சரியாச்சா?

மாப்பிள்ளை: பாதியில விளம்பரம் வந்துடுச்சு.

மாமியார்: நல்லது. இந்தாங்க துணி.

மாப்பிள்ளை: அத்தை, இது மாமாவோட வெள்ளைச் சட்டை.

மாமியார்: அவரு வண்டிக்கு அவரு சட்டை. வேற யார் சட்டையைக் குடுக்கறது? காலர் கிழிஞ்சதுதான். தூக்கிப் போடச் சொன்னா போட மாட்டாரு. இப்ப ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

மாப்பிள்ளை: சரி. எல்லாத்தையும் நல்லாத் துடைச்சுட்டேன். இப்ப அடியில பழைய பேப்பரை விரிப்போம். இஞ்சின் சூடானா உள்ள அழுத்தம் ஏறும். அப்ப எங்கேர்ந்து சொட்டுதுன்னு பேப்பரே காட்டிக் குடுத்துடும்.

மாமியார்: சாவி என் இடுப்புலதான் இருக்கு. திருப்பட்டுமா?

மாப்பிள்ளை: நான் முதல்ல வெளிய வந்துடறேன் அத்தை.

மாமியார்: ஆமா, அது முக்கியம்.

மாப்பிள்ளை: என் கையெல்லாம் கரி. நீங்களே உள்ள உக்காந்து திருப்புங்க. கியர்ல இருக்கான்னு...

மாமியார்: நியூட்ரல்தான்.

மாப்பிள்ளை: ...சரி. திருப்புங்க. ம்... ஓடுது. பேய் இருமற மாதிரி ஓடுது. காத்திருப்போம்.

மாமியார்: எவ்வளவு நேரம்? நான் வேணா ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணி எவ்வளவு இருக்குன்னு...

மாப்பிள்ளை: கையை எடுங்க அத்தை. சூட்டுல அதைத் திறந்தா கொதிக்கற தண்ணி அப்படியே முகத்துல அடிக்கும்.

மாமியார்: குக்கர் மாதிரியா?

மாப்பிள்ளை: குக்கராவது விசிலடிச்சுச் சொல்லும். இது சொல்லாம கொள்ளாம வரும்.

மாமியார்: அப்ப என் நாத்தனார் மாதிரின்னு சொல்லுங்க... பாருங்க, பாருங்க. பேப்பர்ல ஒரு சொட்டு.

மாப்பிள்ளை: எங்க? ஆமா... பச்சையா, துரு கலந்து. ரேடியேட்டருக்குக் கீழ, அந்தத் தடி ரப்பர் குழாய் வந்து சேர்ற இடம். இன்னொண்ணு விழுது. அதே இடம். ஆளு சிக்கிட்டான். நிறுத்துங்க வண்டியை.

மாமியார்: நிறுத்தியாச்சு. குழாய் மேல என்ன அது, பெரிய கட்டு?

மாப்பிள்ளை: சைக்கிள் டியூபைக் கிழிச்சுச் சுத்தி, கம்பி போட்டு முறுக்கியிருக்கு. ஏதோ எலும்பு முறிஞ்ச மாதிரி.

மாமியார்: உங்க மாமா கைவேலை.

மாப்பிள்ளை: கட்டு அழகாத்தான் இருக்கு. ஆனா வெடிப்பு இங்க இருக்கு, கட்டு அதுக்குப் பக்கத்துல இருக்கு. ஒழுகற இடத்தை விட்டுட்டு, ஒழுகாத இடத்துல இறுக்கிக் கட்டியிருக்காரு.

மாமியார்: அவருக்கு எப்பவும் அப்படித்தான். சொந்தக்காரங்க சண்டையிலயும், சண்டை போடாதவங்களைப் பிடிச்சுத்தான் சமாதானம் பண்ணுவாரு... இப்ப என்ன பண்ணணும்?

மாப்பிள்ளை: ஆற விடணும். ஆறினதும் தண்ணியை இறக்கிட்டு, குழாயைக் கழட்டி, வெடிச்ச முனையை மட்டும் அறுத்து எடுத்துட்டு மறுபடி மாட்டணும். நீளம் இருக்கு, பத்தும். குழாயை இறுக்கப் புதுப் பட்டி வேணும், ரேடியேட்டர்ல ஊத்த கூலன்ட் வேணும். ஸ்கூட்டர்ல போய் வாங்கிட்டு வந்துடறேன்.

மாமியார்: நான் பக்கெட் எடுத்து வைக்கறேன்.

மாப்பிள்ளை: உடைஞ்ச பக்கெட்டா எடுங்க. அப்புறம் பூனையை உள்ள போட்டுப் பூட்டுங்க. இந்தத் தண்ணி இனிப்பா வாசம் அடிக்கும், நக்கிப் பாத்துச்சுன்னா விஷம்.

மாமியார்: ஐயோ. வண்டி போனாலும் மன்னிப்பாரு, பூனை போனா என்னை மன்னிக்கவே மாட்டாரு. பூட்டிடறேன், நீங்க கிளம்புங்க... அப்பாடா, ஒருவழியா வந்துட்டீங்களா? கடையில என்ன இவ்வளவு நேரம்?

மாப்பிள்ளை: ஏன் கேக்கறீங்க. வண்டி பேரைச் சொன்னதும் கடைப் பையன் சிரிச்சான். உள்ள போய் அவன் அப்பாவைக் கூட்டிட்டு வந்தான். அவரு தாத்தாவுக்குப் போன் போட்டாரு. தாத்தா, அந்த வண்டி இன்னுமா ஓடுதுன்னு கேட்டு அழுதுட்டாராம். கடைசியில பட்டி எல்லா வண்டிக்கும் ஒண்ணுதான்னு எடுத்துக் குடுத்தாங்க. இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்.

மாமியார்: சொல்லியிருந்தா தாத்தா அழுதிருக்க மாட்டாரே. சீக்கிரம் மாட்டுங்க.

மாப்பிள்ளை: முனையை அறுத்தாச்சு... ரேடியேட்டர் வாயில இருந்த துருவையும் சுரண்டிட்டேன்... இதோ, உள்ள போயிடுச்சு. பட்டியை இறுக்கறேன்.

மாமியார்: இன்னும் இறுக்குங்க.

மாப்பிள்ளை: போதும். ரொம்ப இறுக்கினா ரப்பரை அறுத்துடும்.

மாமியார்: இதை என் கல்யாணத்தப்ப யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

மாப்பிள்ளை: ...இதுக்கு நான் சிரிக்கலாமா கூடாதா?

மாமியார்: மாப்பிள்ளைங்கறவர் மனசுக்குள்ளதான் சிரிக்கணும். ஊத்துங்க.

மாப்பிள்ளை: ஊத்தறேன். இப்ப வண்டி ஆறித்தான் இருக்கு. மூடியைத் திறந்து வச்சபடியே ஓட விடுங்க, உள்ள இருக்கற காத்தெல்லாம் வெளிய வரணும்... கேக்குதா?

மாமியார்: கேக்குது. பந்தியில முதல் ஆளா உக்காந்தவன் மாதிரி ஏப்பம் விடுது.

மாப்பிள்ளை: குமிழி நின்னுடுச்சு. மூடியாச்சு. இப்ப நல்லா சூடாகட்டும்... முள்ளு எங்க இருக்கு?

மாமியார்: நடுவுல. ஆணி அடிச்ச மாதிரி நிக்குது.

மாப்பிள்ளை: பேப்பர்?

மாமியார்: காஞ்ச பேப்பர். ஒரு பொட்டு ஈரம் இல்ல... மாப்பிள்ளை, ஜெயிச்சுட்டீங்க.

மாப்பிள்ளை: பேங்க் வேலையை விட்டுடலாம் போல இருக்கு அத்தை. சரி, தடயத்தையெல்லாம் எடுத்துடுவோம். பேப்பர், பக்கெட், சட்டை...

மாமியார்: நீங்க கடைக்குப் போனப்பவே நான் வண்டியைக் கொஞ்சம்... தள்ளி, தரையையும் சோப்புத்தூள் போட்டுத் தேச்சுட்டேன். ராத்திரி நிலா மாதிரி ஒரு கறை இருந்துச்சு. வருஷக்கணக்கா இருந்த கறை. இப்ப தரையில முகம் பாக்கலாம்.

மாப்பிள்ளை: அந்தக் கறையைக்கூட விடலையா?

மாமியார்: செஞ்சா முழுசா செய்யணும்... உஷ். ஆட்டோ சத்தம். கையைக் கழுவுங்க, கழுவுங்க.

மாமனார்: என்ன, ரெண்டு பேரும் வாசல்லயே நிக்கறீங்க?

மாமியார்: வாங்க. பஸ்ல உக்கார இடம் கிடைச்சுதா? தங்கச்சி எப்படி...

மாமனார்: இரு. தரை ஏன் இப்படிப் பளபளன்னு இருக்கு?

மாமியார்: அழுக்கா இருந்தாத் திட்டுவீங்க. சுத்தமா இருந்தாலும் கேள்வியா?

மாமனார்: மாப்பிள்ளை, அந்த டார்ச்சைக் கொஞ்சம் குடுங்க... ம்... ஒழுகலையே.

மாப்பிள்ளை: ஒழுகலை மாமா.

மாமனார்: ஏன் ஒழுகலை?

மாப்பிள்ளை: வண்டின்னா... ஒழுகக் கூடாதுதானே மாமா?

மாமனார்: ஊர்ல இருக்கறவன் வண்டி ஒழுகக் கூடாது. என் வண்டி ஒழுகணும்.

மாமியார்: பயண அலுப்பு. உள்ள வாங்க, காப்பி போடறேன்.

மாமனார்: காப்பி கிடக்கட்டும். உன் பொண்ணு காலேஜ் படிக்கறப்ப, நான் தூங்கினதும் சத்தமில்லாம வண்டியைத் தள்ளிட்டுப் போவா. எனக்கு எப்படித் தெரியும்னு அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அந்தச் சொட்டுதான் சொல்லும். நான் நிறுத்தின இடத்துல வண்டி நின்னா, பழைய கறை மேலயே சொட்டும். ஒரு சாண் நகர்ந்திருந்தாலும் பக்கத்துல விழும். எத்தனை மெக்கானிக் சரி பண்ணித் தர்றேன்னான் தெரியுமா? வேண்டாம்னு, ஒழுகற இடத்தை மட்டும் விட்டுட்டு நானே கட்டுப் போட்டு, தினம் ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி, செடி மாதிரி வளக்கறேன். அது ஒழுகல் இல்ல மாப்பிள்ளை. அது என் காவல்காரன்.

மாப்பிள்ளை: ஒருவேளை... தானாவே நின்னிருக்குமோ மாமா?

மாமனார்: சளியா, தானா நிக்க?

மாப்பிள்ளை: சொட்டறதைப் பாத்தோம், சும்மா சரி பண்ணலாமேன்னு...

மாமனார்: சும்மா நிக்கற வண்டியில ராத்திரிக்கு நாலு சொட்டு விழும். அதுக்கு யாரும் குழாயை அறுக்க மாட்டான். இது வெளிய போயிருக்கு. போய், நடுரோட்டுல கொதிச்சிருக்கு. இதோ, பானெட்டைத் தூக்கிட்டேன், ரேடியேட்டர் மூடியைச் சுத்தி வெள்ளையாப் படிஞ்சிருக்கு பாருங்க.

மாமியார்: கண்ணாடி இல்லாமலே இவ்வளவு தெரியுதே உங்களுக்கு.

மாமனார்: நீ பேசாம இரு. பொண்ணு மாசமா இருக்கா, அவ ஓட்டியிருக்க மாட்டா. உனக்கு ஸ்டியரிங் வண்டிக்கு உள்ள இருக்கா வெளிய இருக்கான்னே தெரியாது. மிச்சம் யாரு?

மாமியார்: ஆமா. எனக்கு என்ன தெரியும்.

மாமனார்: சொல்லுங்க மாப்பிள்ளை. எடுத்தது யாரு?

மாப்பிள்ளை: ...நான்தான் மாமா.

மாமனார்: ம். ஒத்துக்கிட்டீங்க, சந்தோஷம். வேலையும் சுத்தமாத்தான் செஞ்சிருக்கீங்க, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கு. மருந்துக்கடைக்காரர் கடை சாத்தறதுக்குள்ள ஒரு போன்...

மாப்பிள்ளை: புரியுது மாமா. பரவாயில்ல... ஸ்கூட்டருக்குப் பின் சீட்ல மெத்தை வச்சுத் தைச்சுக்கறேன்.

மாமியார்: போனைக் கீழ வைங்க. சாவியை மாப்பிள்ளை கையில குடுங்க. அவரு ஸ்டியரிங்கைத் தொடவே இல்ல, மேம்பாலம் போய்த் திரும்பற வரைக்கும் பக்கத்து சீட்ல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுத்தான் வந்தாரு... அப்படியே மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அந்தக் கிளட்ச்சைக் கொஞ்சம் இளக்கிக் குடுக்கச் சொல்லுங்க. நாளைக்கும் நான்தானே மிதிக்கணும்.