வாசம் வராத குடி

கட்டபெட்டில் பஸ் ஏறிய இரண்டு தேயிலை ஃபேக்டரிக்காரர்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவர்தான் ஆரம்பித்தார்.

“ஏனுங்ண்ணா, அம்பது வயசுல பத்தாவது எழுதறீங்களாமா?”

“மெல்லப் பேசு. பாஸானாத்தான் சூப்பர்வைசராம். இப்பக்கூட டியூஷனுக்குத்தான் போறேன்.”

“ஊட்டுல அக்காவுக்குத் தெரியுங்களா?”

“குடிக்கப் போறேன்னு சொல்லியிருக்கேன். படிக்கறேன்னா எஸ்டேட் லைன் ஊட்டு வரிசை பூராவும் சிரிக்கும். குடிச்சா ஒருத்தனும் கேக்க மாட்டான்.”

“நல்ல ஏற்பாடுதானுங்களே?”

“எங்கே! ‘மாசம் பூராக் குடிக்கறே, வாசமே வரலை, எவ ஊட்டுக்குப் போறே?’ன்னு நேத்து புடிச்சுக்கிட்டா.”

“புஸ்தகத்தைக் காட்டிருங்க.”

“பெயிலாயிட்டா? இன்னிக்கு டியூஷன் முடிஞ்சு ஒரு கட்டிங் வாங்கறேன். வாயைக் கொப்புளிச்சுத் துப்பிட்டு ஊட்டுக்குப் போறேன்.”

இளையவர் சீட்டை விட்டே எழுந்துவிட்டார்.

“துப்பறதுங்களா? அந்தப் பாவத்துக்கே நீங்க பெயிலாயிருவீங்ண்ணா!”