மாடிக்குக் கூப்பிடும் வரை

விஜய்பாண்டி: ஏட்டி அனுசியா, உக்காரு. லாட்ஜு மாடிப்படியையே பாத்துக்கிட்டு நிக்கியே.

அனுசியா: மேல போன சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி இன்னும் எறங்கலியே... அரைமணி நேரமாச்சு.

விஜய்பாண்டி: காத்தாலைக் கம்பெனிக்காரங்க மெட்ராஸ்ல இருந்து தென்காசிக்கு அந்தப் புகார விசாரிக்கன்னே வந்திருக்காங்க. செலக்ட் ஆன ஒம்போது பேரையும் கேக்கணும்லா. அடுத்தது நாமதான்.

அனுசியா: என்ன கேப்பாங்க?

விஜய்பாண்டி: ஆள் எடுத்த மகாராஜாவுக்குத் துட்டு குடுத்தியான்னு கேப்பாங்க. இல்லன்னு சொல்லுவேன். முடிஞ்சுது.

அனுசியா: அவ்வளவுதானா...

விஜய்பாண்டி: எங்கிட்டயும் முப்பதாயிரம் கேட்டான். தரமாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்தேன். அப்படியும் வேலை கெடச்சுதுல்லா? காத்தாடிக் கம்பத்துல ஏறப்போறவன் பொண்டாட்டி, இந்த மாடிப்படிக்குப் போயி பயப்படுத.

அனுசியா: குடுத்தவங்கள என்ன செய்வாங்க?

விஜய்பாண்டி: வேலை போயிரும். பொறவு எந்தக் காத்தாடிக் கம்பெனியும் சேக்காது. குடுத்தவன் பயப்படட்டும், நமக்கென்ன?

அனுசியா: அந்தா எறங்குதாரு... நம்மளப் பாக்காமலே போறாரே. கண்ணத் தொடைக்காரு.

விஜய்பாண்டி: பாவம்... பிள்ளகுட்டிக்காரரு. மகாராஜா பொண்டாட்டி போனுக்கு வந்த துட்டையெல்லாம் பிரிண்ட் எடுத்து வச்சிருக்காங்களாம். ஏட்டி, ஏன் என் கையப் பிடிச்சு இழுக்க?

அனுசியா: நீங்க ஐந்தருவியில வண்டி நிறுத்தச் சீட்டுக் கிழிச்சு, சீசன் முடிஞ்சா சும்மா இருந்து... இனியும் அப்படி வேண்டாம்னுதாங்க...

விஜய்பாண்டி: என்ன சொல்லுத?

அனுசியா: நீங்க முடியாதுன்னு வந்த மறுநாள், அந்த மகாராஜா எனக்குப் போன் பண்ணுனாரு. ஃபாரத்துல என் நம்பரும் இருந்துச்சுல்லா. லிஸ்ட்டுல உங்க பேரு இருக்கு, சாயங்காலத்துக்குள்ள துட்டு அனுப்பலன்னா பேர அடிச்சிருவேன்னாரு.

விஜய்பாண்டி: அனு...

அனுசியா: கம்மல அடகு வச்சு அனுப்பிட்டேன். உங்ககிட்டச் சொன்னா விடமாட்டீங்க.

விஜய்பாண்டி: உன் போன்ல இருந்துதான? என் பேரு எங்கயும் வராதுல்லா?

அனுசியா: அவரு பொண்டாட்டி நம்பருக்கு மொய்னு எழுதி அனுப்பச் சொன்னாரு. மொய்னா பேரும் ஊரும் போடத்தான செய்வோம்... கை அதுவாப் போட்டுட்டு. கீழப்பாவூர் விஜய்பாண்டின்னு.

விஜய்பாண்டி: என் பேரு... ஊரோட.

அனுசியா: வையவாவது செய்யுங்க. இப்படித் தலையில கை வச்சு உக்காராதீங்க.

விஜய்பாண்டி: உன்ன எதுக்கு வைய...

அனுசியா: எல்லாம் அந்தப் புகார் குடுத்த பாவியால வந்தது. வேலை கெடைக்காத வயித்தெரிச்சல்ல எவனோ எழுதிப் போட்டிருக்கான்.

விஜய்பாண்டி: வேலை கெடச்சவன்தான் எழுதுனான். ஆர்டர் கைக்கு வந்த அன்னைக்கே... நீ பயந்துருவன்னு உங்கிட்டச் சொல்லல. துட்டு குடுத்த ஒருத்தரையும் விடாதீங்கன்னு நான்தான் எழுதுனேன், அனு.