மங்கையின் குதிரைவால் மூலை

மேடையில் இருக்கும் தோட்டச் சங்கத் தலைவர் கொட்வின் அவர்களே, மனைவியை இழந்து நிற்கும் தபோதரன் அவர்களே, வுப்பர்டாலிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். மங்கையின் தோட்டத்து மூலையில் நிற்கும் குதிரைவால் செடிகளை சங்கம் வருகிற சனிக்கிழமை கொத்தி எறிய "யோசப்பின் அக்காவும் சம்மதம்" என்று பேசிக்கொள்கிறார்கள். அந்த அக்கா நான்தான்; நான் சம்மதிக்கவில்லை. என்னிடம் எவரும் கேட்கவும் இல்லை.

நம் செயலாளர் திருமதி மங்கையற்கரசி தபோதரன் யார்? பாகல் இலையில் வெள்ளைப் பூஞ்சணம் கண்டவர் எல்லோரும் தேடிப்போன பெண்! இலைக்கு உறுதி தருவது சிலிக்காச் சத்து. ஊரில் அதற்கு உமிச் சாம்பல் இருந்தது; இங்கே உமிக்கு எங்கே போவது? மணலிலும் சிலிக்கா உண்டுதான். ஆனால் செடி மணலைக் குடிக்குமா? இங்கே தானாக முளைக்கும் குதிரைவால் பூண்டோ அந்தச் சத்தை உறிஞ்சித் தன் தண்டிலேயே சேர்த்து வைக்கிறது. மங்கை அதை வெட்டி, ஊறவைத்து, காய்ச்சி, தண்ணீர் கலந்து தெளித்தார்.

அந்தச் சத்துக்கு ஜேர்மன் பெயர் கீசல்சொய்ரே. சொய்ரே என்றால் அமிலம். சனம் பயப்பட அது போதாதா?

"அக்கா, உது அசிட் எல்லோ! பாவக்காயை எரிக்கப் போறியளே?" என்று பக்கத்துத் தோட்டத்து பீலிக்ஸ் வேலிக்கு மேலால் கத்தினார்.

மங்கை ஆறியதில் ஒரு கரண்டி அள்ளிக் குடித்தார். "பேர்தான் அசிட். உன்ர பேருக்கும் சந்தோசக்காரன் எண்டுதானே கருத்து? ஒருநாளாவது சிரிச்சிருக்கிறியே?"

அன்று பீலிக்ஸ் சிரித்தார். இன்று அதோ, கண்ணைத் துடைக்கிறார்.

என் கணவர் பேனாட் மறைந்தபின் நான் எவருக்கும் கதவு திறக்கவில்லை. ஆறுதல் வார்த்தைகள் எனக்குப் பிடிக்காது. மங்கை ஆறுதல் சொல்லவில்லை. வாளியோடு வாசலில் நின்று, "அக்கா, வெய்யில் ஏற முன்னம் செடிக்கு மருந்து அடிக்கவேணும். எனக்குத் தனிய ஏலாது, வாங்கோ" என்றார்.

ஏலாதா? இரண்டு வாளியை ஒரே கையில் தூக்குகிற பெண்ணுக்கா! பொய் என்று தெரிந்துதான் எழுந்து போனேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையும் போனேன்.

கடைசி நாட்களில் மருத்துவமனையில், குரல் தேய்ந்த நிலையில், "என்ர மூலையைக் கொத்த விடாதேங்கோ அக்கா" என்றார். "ஓம்" என்றேன்.

தலைவர் அவர்களே, அது களை, அயல் பாத்திக்குப் பரவும் என்கிறீர்கள். பரவும்; மறுக்கவில்லை. ஆனால் கொத்தினால் போகுமா? அறுந்த ஒவ்வொரு வேர்த்துண்டும் முளைக்கும்! அந்த மூலைக்கு நான் பொறுப்பு. எல்லை தாண்டுவதை நானே வெட்டுவேன். வெட்டியதைக் காய்ச்சுவேன். கேட்பவருக்கெல்லாம் கொடுப்பேன். மங்கைக்கு இதைவிட வேறு மாலை எனக்குத் தெரியாது.

மூலையை விட்டுவைப்பீர்களா? நீங்கள் தலையசைப்பது தெரிகிறது. அது எனக்குப் போதாது. சனிக்கிழமைக்கு முன் நிர்வாகக் குழுவின் பதிலை எழுத்தில் தாருங்கள்.